மலைவேம்பு கட்டுரையை எந்த வனவியல் இதழுக்கு அனுப்புவது? இம்பாக்ட் ஃபாக்டர் குழப்பம்

தோப்புக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வனவியல்ல பிஎச்.டி. பண்றேன், கடைசி வருஷம். ஈரோடு, கரூர் பக்கம் விவசாயிங்க வச்சிருக்கிற மலைவேம்புத் தோப்புகள்ல, மரம் வெட்டுறப்ப கூடவே நின்னு அளந்து, சுற்றளவையும் உயரத்தையும் வச்சே மரத்தோட கன அளவைச் சொல்ற சமன்பாடு போட்டிருக்கேன். வால்யூம் டேபிள்னு சொன்னா இங்க நிறைய பேருக்குப் புரியும். அதோட, நெருக்கமா நட்ட தோப்புக்கும் தள்ளித் தள்ளி நட்ட தோப்புக்கும் மரத்தோட பருமன் எப்படி மாறுதுன்னு இன்னொரு அத்தியாயமும் இருக்கு.

என் கைடு, "இந்தியன் ஃபாரஸ்டருக்கு அனுப்பும்மா, ஃபீல்டுல இருக்கிறவங்க படிப்பாங்க"ங்கிறார். ஆலோசனைக் குழுவுல இருக்கிற இன்னொரு பேராசிரியர், "இம்பாக்ட் ஃபாக்டர் 2க்குக் கீழ இருந்தா அதைப் பேப்பர்னே சொல்லாத"ங்கிறார். வேலைக்கு விண்ணப்பிக்கிறப்ப நாஸ் ஸ்கோர் கேக்கிறாங்க. இதழோட வெப்சைட்ல பார்த்தா சைட்ஸ்கோர்னு வேற ஒரு நம்பர் இருக்கு. இதெல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

நடுவுல ஒரு மெயில் வேற வந்திருக்கு. "உங்கள் மேலான ஆய்வை எங்கள் இதழில் வெளியிட அழைக்கிறோம், இம்பாக்ட் ஃபாக்டர் 7.8, மூன்றே நாளில் ஏற்பு". பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பயமா இருக்கு.

விவரம் தெரிஞ்ச அண்ணா, அக்கா, ஐயா யாராவது சொல்லுங்க. ஒரு வனவியல் இதழோட "தாக்கம்"னா நிஜத்துல என்ன? அந்த நம்பரைப் பார்த்துத்தான் அனுப்பணுமா?

பழைய அலமாரி:

முதலில் அந்த மெயிலை அழித்துவிடுங்கள் அம்மா. மூன்று நாளில் ஏற்பு என்றால் அதை யாரும் படிக்கப்போவதில்லை என்று அர்த்தம். 7.8 என்ற எண்ணை விலைக்கு விற்கவே ஆட்கள் இருக்கிறார்கள். இம்பாக்ட் ஃபாக்டரைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். அதன் இதழ்ப் பட்டியலான மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட் இணையத்தில் இலவசம். இதழின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒரே பெயரில் போலி நடத்துகிறார்கள், ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழின் அடையாள எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அங்கே இல்லாத இதழுக்கு இம்பாக்ட் ஃபாக்டர் என்று ஒன்று கிடையவே கிடையாது.

நான் வனவியல் நிறுவனம் ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். இதழ்களுக்குச் சந்தா கட்டுவது, பைண்டு போட்டு அடுக்குவது, பதவி உயர்வு நேரத்தில் "என் பேப்பருக்கு எவ்வளவு சார் வரும்" என்று வந்து நிற்கும் விஞ்ஞானிகளுக்குத் தேடிக் கொடுப்பது, இதுதான் வேலை. மரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கணக்கைப் பற்றிக் கேளுங்கள்.

2026ஆம் ஆண்டுக்கான இம்பாக்ட் ஃபாக்டர் என்றால், ஓர் இதழ் 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் வெளியிட்டவை 2026இல் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 150 கட்டுரை, 180 மேற்கோள் என்று வையுங்கள், 1.2. இவ்வளவுதான் விஷயம். யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1955இல், எந்தக் கட்டுரையை எது மேற்கோள் காட்டியது என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை எழுதினார், 1964இல் அட்டவணை வெளிவந்தது. எந்த இதழ்களை அதில் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் இந்த வகுத்தல் கணக்கு பிறந்தது. எங்களைப் போன்ற நூலகர்களுக்கும் எதற்குச் சந்தா கட்டலாம், எதை நிறுத்தலாம் என்று பார்க்க உதவியது. ஒரு பெண்ணுக்கு வேலை கொடுக்கலாமா என்று பார்ப்பதற்காக யாரும் இதைச் செய்யவில்லை.

சைட்ஸ்கோர் என்பது எல்செவியர் 2016இல் கொண்டுவந்தது. ஸ்கோபஸ் என்ற தங்கள் மேற்கோள் தரவுத்தளத்தை வைத்து, இப்போது நான்கு ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் ஒரே இதழுக்குச் சைட்ஸ்கோர் பெரும்பாலும் இம்பாக்ட் ஃபாக்டரைவிடப் பெரிதாகத் தெரியும். எது பெரிதோ அதை வெப்சைட்டில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். நாஸ் ஸ்கோர் முற்றிலும் வேறு: தேசிய வேளாண் அறிவியல் அகாடமி நம் நாட்டுத் தேவைக்காகப் போடும் பட்டியல், ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக வரும். இம்பாக்ட் ஃபாக்டர் உள்ள இதழ் 6க்கு மேலே ஏறும், உச்சம் 20. இல்லாத இதழ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 6க்குள்தான். ஆக, சுற்றிச் சுற்றி அதே எண்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

இப்போது உங்கள் பேராசிரியரின் "2"க்கு வருகிறேன். எந்தத் துறையில் 2? புற்றுநோய் மருத்துவ இதழ் ஒன்றுக்கு இது 200ஐத் தாண்டியிருக்கிறது. வனவியலில் தலைமை இடத்தில் உள்ள இதழ்களே ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கின்றன. துறைக்குள் முதல் கால் பகுதியா, இரண்டாவதா என்று கேட்டால் அர்த்தம் உண்டு. வெறும் 2 என்றால் அது காற்றில் நிற்கிற எண்.

அதைவிடப் பெரிய கோளாறு அந்த "இரண்டு ஆண்டு". உங்கள் மரத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டுரை 2026இல் வருகிறது. ஒருவர் படித்துவிட்டு 2027 மழைக்கு நடுகிறார். மலைவேம்பை பிளைவுட்டுக்கு வெட்ட ஆறேழு வருடமாவது ஆகும். 2033இல் வெட்டி அளந்து, 2034இல் எழுதி, 2035இல் அச்சில் வரும்போது உங்கள் பெயரைப் போடுவார். இம்பாக்ட் ஃபாக்டர் கணக்கில் உங்கள் கட்டுரை உயிரோடு இருப்பது 2027, 2028 மட்டும். அந்த மேற்கோள் வரும்போது கடையைச் சாத்தி ஏழு வருடம் ஆகியிருக்கும். அவசரமாக வளரும் மலைவேம்புக்கே இந்தக் கதி. தேக்கை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர் என்ன செய்வார்?

வனவியலில் பழைய கட்டுரை சாவதே இல்லை. மரங்களின் நெருக்கத்தை அளக்க ரெய்னிக் என்ற அமெரிக்கர் ஒரு குறியீட்டைச் சொன்னது 1933இல். உங்கள் இடைவெளி அத்தியாயத்தில் அவர் பெயர் கட்டாயம் இருக்கும், இல்லையென்றால் சேருங்கள். அது வெளிவந்த வேளாண் ஆய்விதழ் 1949இலேயே நின்றுவிட்டது. இதழ் போய்விட்டது, கட்டுரை இன்றும் மேற்கோள் வாங்குகிறது. இன்னும் பின்னால் போனால் ஃபாஸ்ட்மன். காட்டு நிலத்தின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது, மரத்தை எந்த வயதில் வெட்டினால் லாபம் என்ற கணக்குக்கு அடிப்படை அவர் 1849இல் ஒரு ஜெர்மன் வனவியல் இதழில் எழுதியது. வனப் பொருளாதாரம் படிக்கிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இந்த இரண்டு கட்டுரையும் எந்த இரண்டு ஆண்டுக் கணக்கிலும் சேராது.

சராசரி என்பதும் ஏமாற்றும். வனவியல் உதாரணம் இல்லை என்றாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழின் இம்பாக்ட் ஃபாக்டர் 2 சொச்சத்தில் இருந்தது. 2008இல் ஷெல்டிரிக் தன் மென்பொருளைப் பற்றி ஒரே ஒரு கட்டுரை எழுதினார். அந்த மென்பொருளைப் பயன்படுத்திய எல்லாரும் அதை மேற்கோள் காட்டினார்கள். 2009 கணக்கில் இதழின் எண் 49ஐத் தாண்டிவிட்டது. கட்டுரை இரண்டாண்டு ஜன்னலைவிட்டு வெளியே போனதும் 2011 கணக்கில் பழைய 2க்கே வந்துவிட்டது. நடுவில் அதே இதழில் கட்டுரை போட்டவர்கள் எல்லாரும் "நாங்கள் 49 மார்க் இதழில் எழுதியவர்கள்" என்று பயோடேட்டாவில் போட்டிருப்பார்கள். யார் தடுக்க முடியும்?

சரி, இந்தியன் ஃபாரஸ்டர். 1875இல் வில்லியம் ஷ்லிஷ் தொடங்கியது. டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் வந்ததே 1906இல்தான். இதழ் அதற்கு மூத்தது. 150 வயதைத் தாண்டியும் வந்துகொண்டிருக்கிறது, உலகத்தில் இப்படி நீடித்த வனவியல் இதழ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மேற்கோள் எண்ணைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். காரணம் தரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். (சில இதழ்களில் சில கட்டுரைகள் சுமார்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.) நூலகனாக நான் பார்த்த காரணம் இன்னொன்று. இந்த இதழின் பெயரையே ஆளாளுக்கு ஒரு மாதிரி சுருக்கி எழுதுகிறார்கள், தொகுதி எண்ணைத் தப்பாகப் போடுகிறார்கள், பழைய கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. என்ற நிரந்தர இணைய அடையாள எண் இல்லை. கணினியால் இணைக்க முடியாத மேற்கோள் எங்கும் சேராது. மேற்கோள் அட்டவணைக்கு வெளியே உள்ள நூல்கள், துறை அறிக்கைகள், ஆய்வேடுகள் இவற்றில் வருவதும் இம்பாக்ட் ஃபாக்டரில் சேராது. இந்த இதழின் வாசகர்கள் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறார்கள்.

அதனால் என் யோசனை இது. உங்களிடம் இருப்பது இரண்டு வெவ்வேறு கேள்விகள். சமன்பாடு யாருக்கு வேண்டும்? ரேஞ்சருக்கும் விவசாயிக்கும் பிளைவுட் கம்பெனிக்காரருக்கும். அது கைடு சொன்ன இடத்துக்கே போகட்டும். இடைவெளி அத்தியாயம் உலகத்தில் எங்கே மரம் நடுகிறவனுக்கும் பொருந்தும். அதை ரெய்னிக்கில் தொடங்கி எழுதி வெளிநாட்டு இதழுக்கு அனுப்புங்கள், பேராசிரியரின் வாயும் அடையும். ஒன்றில் இன்னொன்றைக் குறிப்பிடுங்கள், ஒரே அட்டவணையை இரண்டிலும் போடாதீர்கள்.

ஒரு விவரம்: யு.ஜி.சி.யின் 2022 விதிகளில், ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற நாடு தழுவிய கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு முடிந்தது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். யார் வாய்ச்சொல்லையும் நம்பாமல் அந்த விதிப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள்.

ரேஞ்சு ஆபீஸ்:

ஐயா சொன்னதுல ஒரு விசயத்தை நானே சாட்சி சொல்றேனுங்க. வனத்துறையில சரக அலுவலரா இருக்கேன். டிவிஷன் ஆபீஸ்ல ஒர்க்கிங் பிளான் போடறப்ப கூட உக்காந்து வேலை பார்த்திருக்கேன். ஒரு டிவிஷனுக்கு பத்து வருசத்துக்கு எந்தக் கூப்புல (மரம் வெட்டப் பிரிச்ச பகுதி) என்ன பண்ணோணும்னு எழுதற புத்தகம் அது. அதுக்கு மரத்தோட கன அளவு வேணும், வளர்ச்சி வேணும். எங்கிருந்து எடுப்போம்? இந்திய வன அளவைத் துறை 1996ல போட்ட வால்யூம் ஈக்வேஷன் புத்தகம் ஒண்ணு இருக்குதுங்க, இந்தியா நேபாளம் பூட்டான் மூணுக்கும் சேர்த்து. அதுல இல்லாத மரத்துக்கு பழைய இந்தியன் ஃபாரஸ்டர் பைண்டு வால்யூமைப் புரட்டோணும். காட்டோட வகைப்பாட்டுக்கு சாம்பியனும் சேத்தும் 1968ல போட்ட புத்தகம். இது மூணும் இல்லாம நாங்க பேனாவையே எடுக்க முடியாது.

ஒர்க்கிங் பிளான்ல அந்தப் பேப்பரோட பேரை அடிக்குறிப்புல போடுவோம். அந்த நம்பரை வச்சு ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு முடிவு எடுப்பாங்க. ஆனா ஒர்க்கிங் பிளானை ஸ்கோபஸ்ல யார் ஏத்துறாங்க? ஆராய்ச்சியாளரைக் கேட்டா "என் பேப்பரை யாரும் சைட் பண்ணலே"ன்னு வருத்தப்படுவார். பண்ணியிருக்கோமுங்க, உங்களுக்குத்தான் தெரியலை.

இன்னொண்ணு. வெளிநாட்டு இதழ்ல போட்டா எங்களுக்குக் கிடைக்காதுங்க. ஒரே நாடு ஒரே சந்தான்னு மத்திய அரசு 2025ல இருந்து பண்ணியிருக்குது, மூணு வருசத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகம்னு பேப்பர்ல பார்த்தேன். அது கல்லூரி, பல்கலைக்கழகம், மத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு. ரேஞ்சு ஆபீஸுக்கு அதுல இடம் இல்லீங்க. தங்கச்சி, சமன்பாட்டை மட்டும் பூட்டுப்போட்ட இடத்துல வச்சிராதீங்க.

அப்புறம், தோப்புல சுற்றளவை எந்த உயரத்துல அளந்தீங்கன்னு தெளிவா எழுதுங்க. மலைவேம்பு மரத்துக்கு அடியில கொஞ்சம் புடைப்பு இருந்தா அளவு மாறிப்போகும்.

யோயென்சு குளிர்:

ஃபின்லாந்தின் யோயென்சுவில் வனவியல் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர். நூலகர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை.

வனவியல் மெதுவான துறை, அதனால் மேற்கோள் மெதுவாக வருகிறது என்பது பாதி உண்மை. ஃபாரஸ்ட் ஈகாலஜி அண்ட் மேனேஜ்மென்ட் இதழில் 2010இல் ஆலனும் குழுவினரும் வறட்சியாலும் வெப்பத்தாலும் உலகெங்கும் மரங்கள் சாவதைத் தொகுத்து எழுதினார்கள். அதற்கு மேற்கோள் வர எந்தத் தாமதமும் ஆகவில்லை, இன்று ஆயிரக்கணக்கில் நிற்கிறது. 2013இல் ஹான்சன் குழு லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகக் காடுகளின் இழப்பையும் வரவையும் சயன்ஸ் இதழில் வரைபடமாக்கியது, அதுவும் அப்படியே. காலநிலை, கார்பன், செயற்கைக்கோள் என்றால் வேகம். நாற்று, இடைவெளி, கிளை கவாத்து, வால்யூம் டேபிள் என்றால் மெதுவு. ஒரே துறைக்குள் இரண்டு வேகம்.

இதனால் என்ன ஆகிறது என்றால், இதழ் ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். அவர்களும் மனிதர்கள். வால்யூம் டேபிள் வந்தால் "உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே உடையது" என்று மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் ஒரு வாரத்தில் திருப்பிவிடுகிறார்கள். எனக்கும் அந்த வரி வந்திருக்கிறது, மனப்பாடம். அப்படித் திருப்பப்படும் உள்ளூர் சமன்பாடுகள் இல்லாமல் உலகக் கார்பன் வரைபடம் எதுவும் நிற்காது என்பது வேறு கதை. ஜெரோம் சாவ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2014இல் வெப்பமண்டல மரங்களுக்கெல்லாம் பொதுவான எடைச் சமன்பாடு போட்டார்களே, அது பல நாடுகளில் பலர் ஒவ்வொரு மரமாக வெட்டி எடை போட்ட தரவின் மேல்தான் நிற்கிறது. ஆகவே தோப்புக்காரி, அளந்த மூலத் தரவை டி.ஓ.ஐ. கிடைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்றில் போட்டுவையுங்கள். கட்டுரையைத் தொடாதவர்கள் தரவை எடுத்து மேற்கோள் காட்டுவார்கள்.

இங்கே நிலைமை எப்படி என்றும் சொல்கிறேன். சில்வா ஃபென்னிகா என்று ஓர் இதழ், ஃபின்னிஷ் வன அறிவியல் சங்கம் 1926இலிருந்து நடத்துகிறது. தொடக்கக் காலத்திலிருந்து எல்லாமே இணையத்தில் இலவசம். இம்பாக்ட் ஃபாக்டர் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் இங்கே காடு அளக்கிற யாரும் அதைப் படிக்காமல் வேலை செய்ய மாட்டார்கள். 1921இலேயே தேசிய வன அளவையைத் தொடங்கிய நாடு. அந்தத் தரவின் முறையியல் விவாதங்களைத் தேடிப் போனால் உள்நாட்டு இதழ்களில்தான் போய் நிற்போம். பல்கலைக்கழகங்களுக்கு நிதி ஒதுக்கும்போது யூஃபோ என்ற பட்டியலைப் பார்க்கிறார்கள். துறை வல்லுநர் குழுக்கள் உட்கார்ந்து இதழ்களை 1, 2, 3 என்று நிலை பிரிப்பார்கள். அதிலும் அரசியல் உண்டு, சண்டை உண்டு. ஆனால் வகுத்தல் கணக்கை மட்டும் வைத்து ஆளைத் தள்ளுவதில்லை. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனமும் அதைத்தான் கேட்டது: இதழின் எண்ணை வைத்து ஆளை மதிப்பிடாதே.

ரேஞ்சர் அண்ணன் கேட்டதற்குத் துணைக்கு ஒன்று. மரத்தின் சுற்றளவை எடுக்கும் மார்பளவு உயரம் இந்தியாவில் 1.37 மீட்டர். ஐரோப்பாவில் 1.3. இங்கே உள்ள மதிப்பீட்டாளர் முதல் கேள்வியே அதில்தான் கேட்பார். முறையியல் பகுதியின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

தோப்புக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அளந்தது 1.37லதான், பட்டையோட சேர்த்து. புடைப்பு இருந்த மரத்துக்கு மேல ஏத்தி அளந்திருக்கேன், அதைத் தனியா குறிச்சும் வச்சிருக்கேன்.

விதிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன் ஐயா. "அங்கீகரிக்கப்பட்ட இதழ்"னுதான் போட்டிருக்கு, 2ங்கிற எண்ணே அதுல இல்ல! அந்தப் பேராசிரியர்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

இடைவெளிப் பேப்பருக்கு ரெண்டு சந்தேகம். திறந்த அணுக்க இதழ் (படிக்கிறவங்களுக்கு இலவசம், எழுதுறவங்க காசு கட்டணும்) ஒண்ணுல கட்டணம் பார்த்தேன், நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல வருது. என் உதவித்தொகையில அதெல்லாம் நடக்கிற காரியம் இல்ல. காசு கட்டாம நல்ல இதழ்ல போட வழி இருக்கா? இன்னொண்ணு, மலைவேம்பு, ஈரோடுன்னு தலைப்புல போட்டாலே உள்ளூர்னு திருப்பிடுவாங்களா?

பழைய அலமாரி:

ஃபின்லாந்து தம்பி சொன்ன திருத்தம் சரிதான். அந்த இரண்டு வேகத்தை நான் நூலகத்திலேயே பார்த்திருக்க வேண்டிய ஆள். செயற்கைக்கோள் இதழ்களைக் கேட்டு வருகிறவர்கள் புது இதழைக் கேட்பார்கள், நாற்றுக்காரர்கள் பைண்டு வால்யூமைக் கேட்பார்கள்.

பேராசிரியரிடம் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். விதியின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கைடிடம் கொடுங்கள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும். மாணவர்கள் பெரியவர்களுக்கு விதி எடுத்துச் சொன்னதாக இருக்கக்கூடாது, நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?

கட்டணம்: பெரிய பதிப்பகங்களின் பல இதழ்கள் கலப்பு வகை. "திறந்த அணுக்கம் வேண்டும்" என்று குறியிட்டால்தான் பணம். சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் ஆசிரியருக்குப் பெரும்பாலும் செலவில்லை. ஏற்பு வந்தபிறகு ஒரு படிவம் வரும், அதில் எந்தப் பெட்டியில் டிக் போடுகிறீர்கள் என்பதை மூன்று முறை பாருங்கள். கட்டுரை பூட்டுக்குள் போகுமே என்ற ரேஞ்சரின் கவலைக்கு, ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியைக் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன, சிலது ஒரு காலக்கெடு வைத்து. இதழின் கொள்கைப் பக்கத்தில் இருக்கும். இன்னொரு வழி, நாட்டு நிறுவனங்களும் சங்கங்களும் நடத்தும் இதழ்கள். மலேசியாவில் கெப்போங் வன ஆராய்ச்சி நிறுவனம் 1988இலிருந்து ஜர்னல் ஆஃப் ட்ராபிகல் ஃபாரஸ்ட் சயன்ஸ் நடத்துகிறது. வெப்பமண்டலத் தோட்ட மரங்களைப் பற்றி எழுதினால் "இது எந்த ஊர் மரம்" என்று கேட்காத ஆட்கள். அனுப்பும் முன் கட்டண விவரத்தை அவர்கள் பக்கத்திலேயே சரிபாருங்கள், இதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ஒரு செய்தியும் உண்டு. முன்பு கிளாரிவேட்டின் எமர்ஜிங் சோர்சஸ் என்ற பட்டியலில் இருந்த இதழ்களுக்கு இம்பாக்ட் ஃபாக்டர் கிடையாது. 2023 ஜூனில் வந்த பட்டியலிலிருந்து அவற்றுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள், ஒரே நாளில் 9,000க்கு மேற்பட்ட இதழ்களுக்கு முதன்முறையாக எண் வந்தது. நேற்றுவரை "எண் இல்லாத இதழ்" என்று ஒதுக்கப்பட்டது இன்று நாஸ் பட்டியலிலும் 6ஐத் தாண்டியிருக்கலாம். ஆகவே சீனியர்கள் வைத்திருக்கும் பழைய பட்டியல் பி.டி.எஃப்.பை நம்பாமல் இந்த ஆண்டுப் பட்டியலை எடுங்கள்.

தலைப்பு: மலைவேம்பு இருக்கட்டும், தாவரவியல் பெயரோடு. ஈரோட்டைத் தலைப்பிலிருந்து எடுத்து முறையியலில் வையுங்கள். கேள்வியை முன்னால் நிறுத்துங்கள்: விரைந்து வளரும் மரத்தில் நெருக்கம் கூடினால் பருமன் எந்த விகிதத்தில் குறைகிறது, ரெய்னிக் சொன்ன சரிவு இங்கே பொருந்துகிறதா இல்லையா. பொருந்தவில்லை என்றால் இன்னும் நல்லது, படிப்பார்கள்.

இந்தியன் ஃபாரஸ்டருக்கு அனுப்பும் சமன்பாட்டுக் கட்டுரையில் மட்டும் மலைவேம்பும் ஈரோடும் கரூரும் தலைப்பிலேயே இருக்கட்டும். ரேஞ்சு ஆபீஸில் தேடுகிறவர் அந்த மூன்று சொல்லைப் போட்டுத்தான் தேடுவார். மேற்கோள் பட்டியலில் இதழ்களின் பெயரைச் சுருக்காமல் முழுசாக எழுதுங்கள்.

ரேஞ்சு ஆபீஸ்:

கரெக்டுங்க ஐயா. கூட இன்னொண்ணு, சமன்பாட்டோட ஒரு ரெடிமேட் அட்டவணையும் போட்டுக்குடுங்க தங்கச்சி. சுற்றளவு 30 செ.மீ.ல இருந்து 5 செ.மீ. கூட்டிக் கூட்டி, உயரம் மேல வரிசையா. தோப்புக்குள்ள நின்னுக்கிட்டு யாரும் மடக்கை போடறதில்லீங்க.